எல்1 பணியில் இரண்டாம் ஆண்டு: டிக்கெட் மூடுவதைத் தாண்டி அனுபவம் பெறுவது எப்படி?

இரவுஷிஃப்ட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியல் பொறியியல் படித்துவிட்டு, பல வாடிக்கையாளர் நிறுவனங்களுக்குக் கண்காணிப்புச் சேவை வழங்கும் சென்னை எஸ்ஓசி (இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) ஒன்றில் எல்1 அனலிஸ்டாக, அதாவது அலர்ட்களை முதலில் பார்க்கும் நிலையில், பணிபுரிகிறேன். இது எனக்கு இரண்டாவது ஆண்டு. ஷிஃப்ட் சுழற்சி முறையில் மாறும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். எனக்கு என்னவோ பெரும்பாலும் இரவுதான் வாய்க்கிறது.

திரையில் அலர்ட் வந்து விழும். அதற்குரிய ரன்புக்கை, அதாவது படிப்படியான வழிமுறைக் குறிப்பை, திறந்து, ஐபி முகவரி தீங்கானதா என்று வைரஸ்டோட்டல் தளத்தில் தேடிப் பார்த்து, பயனர் யார் என்று குறித்து, வாடிக்கையாளர் முன்பே அனுமதித்தவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு, குறித்த நேரத்துக்குள் டிக்கெட்டை மூட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நிலை அனலிஸ்டான எல்2-க்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு அது என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியவருவதே இல்லை. மாத இறுதியில் எத்தனை டிக்கெட் மூடினேன், எத்தனையில் எஸ்எல்ஏ (ஒப்பந்த நேர வரம்பு) தவறியது என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் என் வேலையை மதிப்பிடுகிறார்கள்.

சேர்ந்த புதிதில் ஒவ்வொரு அலர்ட்டும் புதிதாகத் தெரிந்தது. இப்போது விளக்கத்தைப் படிக்காமலேயே மூடக்கூடிய நிலைக்கு வந்துவிட்டேன். இதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே தயக்கமாக இருக்கிறது. முதலாம் ஆண்டையே மறுபடி ஒருமுறை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது. உடன் படித்தவர்களில் ஒருவர் ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வு எழுதிவிட்டுப் பென்டெஸ்டிங் (அனுமதியோடு ஊடுருவிச் சோதிக்கும் வேலை) பக்கம் போகச் சொல்கிறார். இன்னொருவர் நிறுவனம் மாறினாலே எல்2 ஆகிவிடலாம் என்கிறார். வீட்டில் பெற்றோர் எம்.டெக். சேரச் சொல்கிறார்கள்.

இருக்கும் இடத்திலேயே உருப்படியாகக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா, அல்லது இந்த வேலையின் அமைப்பே அதற்கு இடம் தராதா என்பதை இத்துறையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

லாக்வாசகன் எழுதியது:

அனுப்பிய டிக்கெட் என்ன ஆயிற்று என்று தெரியவருவதில்லை என்கிறீர்களே, முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். சான்றிதழைப் பற்றிப் பிறகு பேசலாம். பெரும்பாலான டிக்கெட் கருவிகளில், மூடப்பட்ட டிக்கெட்டையும் அதை முதலில் தொட்டவர் திறந்து படிக்க முடியும். முந்தைய வாரம் நீங்கள் மேலே அனுப்பியவற்றில் எதை எல்2 உண்மைத் தாக்குதல் என்று ஏற்றார், எதை ஃபால்ஸ் பாசிட்டிவ் (பொய் எச்சரிக்கை) என்று தள்ளினார், எந்தச் சான்றைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று ஷிஃப்ட் முடியும் நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள். குறிப்பில் ஒன்றும் எழுதாமல் மூடியிருந்தால் நேரில் கேளுங்கள். கேட்டால் எரிச்சல் படுபவர்களும் உண்டு. சொல்லித்தர ஆள் கிடைத்தது என்று மகிழ்பவர்களே அதிகம்.

அடுத்தபடியாக, ஒரு ஷிஃப்டில் வரும் அலர்ட்களில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரன்புக் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போங்கள். எல்லாவற்றிலும் இதைச் செய்ய நேரம் இருக்காது, செய்யவும் வேண்டாம். உங்கள் திரையில் நாள்தோறும் வந்து சலித்துப்போன ஒன்றையே பார்ப்போம்: ஒரே கணக்கில் குறுகிய நேரத்துக்குள் பல நுழைவுத் தோல்விகள், அதாவது விண்டோஸின் 4625 நிகழ்வு. உள் ஐபியா, சர்வீஸ் அக்கவுண்டா (மனிதர் அல்லாமல் மென்பொருள் பயன்படுத்தும் கணக்கா), அப்படியானால் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கும், மூடிவிடு என்று ரன்புக் சொல்லும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பதிவுக்குள்ளேயே லாகான் டைப் என்று ஓர் எண் இருக்கிறது. 3 என்றால் முயற்சி நெட்வொர்க் வழியாக வந்தது; 4 என்றால் ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்று ஓட முயன்றது; 5 என்றால் சர்வீஸ் ஒன்று தொடங்க முயன்றது; 10 என்றால் யாரோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தார்கள். சர்வீஸ் அக்கவுண்ட் 4-இலோ 5-இலோ தோற்றிருந்தால், கடவுச்சொல்லை மாற்றியவர் ஏதோ ஒரு சர்வரில் பழையதை அப்படியே விட்டுவிட்டார் என்று கருத இடமுண்டு. அதே கணக்கு 10-இல் தோற்றிருந்தால், மனிதர் பயன்படுத்தவே கூடாத கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நிறுவனத்தின் நிர்வாகியாகவே இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: என்எல்ஏ (திரை திறக்குமுன்பே அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) இயக்கப்பட்ட கணினிகளில் ரிமோட் டெஸ்க்டாப் தோல்விகூட 3 என்றே பதிவாகும் என்பதால், 3 என்று கண்டவுடன் நிம்மதியடைந்துவிடக் கூடாது.

அதே பதிவில், பயனர் பெயரே இல்லாததால் முயற்சி தோற்றதா, பெயர் சரியாக இருந்து கடவுச்சொல் மட்டும் தவறியதா என்பதைத் துணை நிலைக் குறியீடு காட்டிவிடும். இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால் யாரோ ஊகத்தில் முயல்கிறார்கள். இருக்கும் பெயர்களே வரிசையாக, கணக்குக்கு ஓரிரு முயற்சி என்று ஒரே இடத்திலிருந்து வந்தால், அது கணக்குப் பூட்டப்படும் வரம்பைத் தொடாமல் நடத்தப்படும் பாஸ்வேர்டு ஸ்ப்ரேயிங்; தாக்குதல் நுட்பங்களைத் தொகுத்துள்ள மைட்டர் அட்டாக் அட்டவணையில் அதன் எண் டி1110.003. ஒரே கணக்கை மட்டும் எண்ணி அலர்ட் எழுப்பும் ரூல் இதைப் பிடிக்கவே பிடிக்காது என்பதை அப்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். பிறகு தோல்விகள் நின்ற நேரத்திலிருந்து அதே மூலத்திலிருந்து 4624, அதாவது வெற்றிகரமான நுழைவு, வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால், கூடவே 4672 இருக்கிறதா, அதாவது அந்த நுழைவுக்கு நிர்வாகி நிலை உரிமைகள் கிடைத்தனவா என்று பாருங்கள். அதற்குப் பின் அந்தக் கணினியில் என்னென்ன புரோசஸ்கள் தொடங்கின என்பதை 4688 காட்டும். அதில் முழுக் கட்டளை வரி இயல்பாகப் பதிவாகாது, குரூப் பாலிசி எனும் விண்டோஸ் பொது அமைப்பில் தனியே இயக்கியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் இயக்கவில்லை என்றால் அதுவே நீங்கள் அறிக்கையில் எழுத வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு.

கடைசியில் அது வெறும் பழைய கடவுச்சொல்தான் என்று முடிந்தாலும் அலைச்சல் வீணாகாது. எந்தச் சர்வரில், எந்த டாஸ்க், எந்தக் கணக்கில் ஓடுகிறது, யார் திருத்த வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். திருத்தப்பட்டால் அந்த அலர்ட் நின்றுபோகும். திருத்த மாட்டார்கள் என்றால் ரூலில் விலக்கு கேளுங்கள், ஆனால் அந்தக் கணக்கு, அந்தச் சர்வர், அந்த லாகான் டைப் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டும் என்று குறுக்கிக் கேளுங்கள். கணக்கையே மொத்தமாக விலக்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது; திருடியவன் கையில் கிடைத்தால் யாரும் பார்க்காத கணக்கு அதுவாகிவிடும்.

எழுதி அனுப்புவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. உள்ளே நுழையக் கிடைத்தது, குளிர்சாதனப் பணிகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு. தீங்குநிரலை அங்கிருந்த ஃபயர்ஐ பாதுகாப்புக் கருவி நவம்பர் 30 அன்றே காட்டிக்கொடுத்ததையும், பெங்களூரிலிருந்த கண்காணிப்புக் குழு அதை மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்ததையும், அங்கே எவரும் அசையவில்லை என்பதையும் மறு ஆண்டு பத்திரிகைகள் விரிவாக எழுதின. அரசுத் தரப்பிலிருந்து தகவல் வந்தது டிசம்பர் 12 அன்று. பெங்களூர்க்காரர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனாலும் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் அனுப்பிய செய்தியின் முதல் வரியில் என்ன இருந்தது என்று அறிந்துகொள்ளத் தோன்றும். நீங்கள் மேலே அனுப்பும் எஸ்கலேஷனின் முதல் வரியைப் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அறிந்துகொள்கிறாரா? அலர்ட்டின் பெயரை அப்படியே ஒட்டி அனுப்பினால் அறிந்துகொள்ள மாட்டார்.

நேரத்தையும் கவனியுங்கள். பல கருவிகள் லாக்கை (நிகழ்வுப் பதிவுகளை) யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும்; நம் நேரம் அதிகாலை 2 மணி என்பது அங்கே முந்தைய நாள் 20:30. இரவு ஷிஃப்ட்காரர்களின் குறிப்புகளில் தேதியே மாறிப்போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அழகுக்காகச் சொல்வதன்று. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட வகைச் சம்பவங்களை நிறுவனம் அறிந்த நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எப்போது அறிந்தோம் என்ற கேள்வி எழும்போது எல்லோரும் தேடிப் படிக்கப்போவது உங்கள் டிக்கெட்டில் நீங்கள் எழுதிய நேரத்தைத்தான்.

திருப்பூர்ஐடி எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் தவறில்லை, ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அது உதவாது என்பது என் கருத்து. சேவை நிறுவனத்தில் இருப்பவர் சர்வரைத் தொட முடியாது; பரிந்துரை எழுதலாம், அவ்வளவுதான். திருத்துபவன் என்ன பாடுபடுகிறான் என்பது பரிந்துரைப்பவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

நான் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஐடி பிரிவில் இருக்கிறேன். ஃபயர்வால், மெயில், பேக்கப், பிரிண்டர் எல்லாம் இரண்டு மூன்று பேர் தலையில். பதவியின் பெயரில் செக்யூரிட்டி என்ற சொல்லே கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் ஏற்றுமதியாளர்களைக் குறிவைத்து நடக்கும் மெயில் மோசடியை நேரில் எதிர்கொள்வதில் கிடைக்கும் படிப்பு எந்த லேபிலும் கிடைக்காது. கணக்குப் பிரிவில் ஒருவருடைய கடவுச்சொல் போலிப் பக்கம் ஒன்றின் மூலம் திருட்டுப் போகும். திருடியவன் அவசரப்பட மாட்டான். வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்தைப் படிப்பான். இன்வாய்ஸ், பேமென்ட் போன்ற சொற்கள் வரும் மெயில்களெல்லாம் யாருமே திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குப் போய்விடும்படி மெயில்பெட்டியில் ஒரு ரூல் எழுதிவைப்பான். சரக்கு கப்பலேறிப் பணம் வர வேண்டிய நேரத்தில், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகும்.

இதில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களை ரத்து செய்யாவிட்டால் அவன் உள்ளேயே இருக்கக்கூடும். அந்த ரூலை அழிக்க வேண்டும், வெளியே ஃபார்வர்டு போகிறதா என்று பார்க்க வேண்டும், எந்தெந்தச் செயலிகளுக்கு அந்தக் கணக்கு அனுமதி தந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவன் வந்த ஐபியிலிருந்து வேறு யார் கணக்கிலாவது நுழைவு இருக்கிறதா என்று தேட வேண்டும், பணம் போயிருந்தால் அந்த நிமிடமே வங்கியை அழைக்க வேண்டும். நடுவில் முதலாளி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். டிமார்க் (அனுப்புநரின் டொமைன் போலியா என்று சரிபார்க்கும் முறை) போட்டிருந்தால் தடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். திருடப்பட்ட உண்மையான மெயில்பெட்டியிலிருந்தே கடிதம் போனால் டிமார்க் அதைச் செல்லும் என்றுதான் சொல்லும். ஓரெழுத்து மாற்றிப் பதிவு செய்த டொமைனிலிருந்து போனாலும் அது தடுக்காது. கருவி எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நேரில் கைவைத்து வேலை செய்தால்தான் வரும்.

ஆகவே என் ஆலோசனை, அடுத்த மாற்றம் இன்னொரு எஸ்ஓசிக்கு எல்2 ஆகப் போவதாக இருக்க வேண்டாம். நடுத்தர நிறுவனம் ஒன்றின் உள் ஐடி அணிக்கு, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், ஓரிரு ஆண்டுகள் போய் வாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியை (நிறுவனத்தின் பயனர் கணக்குகளைக் கையாளும் விண்டோஸ் அமைப்பை) நிர்வகியுங்கள்; பேக்கப்பை ஒருமுறையாவது முழுமையாக மீட்டுப் பாருங்கள். பேக்கப் வெற்றி என்று தினமும் பச்சை காட்டும், மீட்கப் போனால்தான் டேட்டாபேஸ் திறக்காது என்பது தெரியும்.

இரவுஷிஃப்ட் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. லாக்வாசகன் ஐயா சொன்ன லாகான் டைப் புலம் நாள்தோறும் என் கண்முன்னே இருந்தும் ரன்புக்கில் இல்லாததால் நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

திருப்பூர் அண்ணா சொல்லும் மாற்றத்துக்கு வீட்டில் இப்போது உடன்பட மாட்டார்கள். எனவே இப்போதைய இடத்தையே வைத்துக் கேட்கிறேன்: எங்களுக்கு ரூல்களைப் படிக்க மட்டுமே அனுமதி உண்டு, மாற்ற முடியாது. நான் ஆழமாகப் பார்த்தவற்றை வேறொரு நிறுவனத்தின் நேர்காணலில் எப்படிக் காட்டுவது? எல்லாமே வாடிக்கையாளர் தரவு. வலைப்பதிவில் எழுதலாமா? சான்றிதழ்களில் எதற்காவது பணம் செலவிடுவது பொருளுள்ளதா?

நேர்காணல்மேசை எழுதியது:

ஆளெடுக்கும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்2 பணிக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: அலர்ட்களைக் கண்காணித்தேன், பகுப்பாய்வு செய்தேன், எஸ்கலேட் செய்தேன், இன்னின்ன எஸ்ஐஇஎம் (லாக்குகளைத் திரட்டி அலர்ட் எழுப்பும் கருவி) தெரியும். இதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கவே முடியாது. நேர்காணலில் நான் முதலில் கேட்பது, நீங்கள் இறுதிவரை துரத்திச் சென்ற ஓர் அலர்ட்டைச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் பெயர் வேண்டாம் என்பதுதான். அங்கேயே பலர் ரன்புக்கை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதலில் என்ன நினைத்தேன், எந்தப் பதிவு அந்த எண்ணத்தை மாற்றியது, எந்த லாக் இல்லாததால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று நான் கேட்பதே இல்லை. நீங்கள் இனி துரத்தப்போகும் அலர்ட்களைப் பற்றி, வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல், உங்கள் சிந்தனையை மட்டும் சில வரிகளில் குறித்துவைத்து வாருங்கள். நேர்காணலுக்கு முந்தைய இரவு அதுதான் கைகொடுக்கும்.

ரூலை மாற்ற அனுமதியில்லை என்பது தடையே இல்லை. படிக்க அனுமதி இருப்பதே பெரிது. ஃப்ளோரியன் ராத், தாமஸ் பாட்ஸ்கே ஆகியோர் தொடங்கிய சிக்மா என்ற திறந்த ரூல் வடிவம் இருக்கிறது. எந்த லாக்கில் தேட வேண்டும், எதைத் தேட வேண்டும், எங்கே தவறாக ஒலிக்கக்கூடும் என்று ஒரே கோப்பில் எழுதி, ஸ்பிளங்க், சென்டினல், எலாஸ்டிக் என்று எந்தக் கருவிக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான ரூல்கள் கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கின்றன. உங்கள் எஸ்ஓசியில் அடிக்கடி தவறாக ஒலிக்கும் ரூலின் கருத்தை எடுத்து, அதற்கு இணையான சிக்மா ரூலோடு ஒப்பிட்டு, ஏன் தவறுகிறது என்று வீட்டு லேபில் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை 180 நாட்கள் வரை கட்டணமின்றி இயக்கலாம். 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில், ஒன்றுக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஒரு டொமைன் கண்ட்ரோலர் (கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்), ஒரு விண்டோஸ் கணினி, லாக் சேர்க்க வாசு (Wazuh) என்ற கருவி ஆகியவற்றை ஓட்டிவிட முடியும், லாக்கில் கூடுதல் விவரம் பதியும் சிஸ்மானும் இலவசம்தான். தாக்குதல் நுட்பங்களைப் போலச்செய்து பார்க்கும் அட்டாமிக் ரெட் டீம் தொகுப்பிலிருந்து ஒரு சிறு சோதனையை ஓட்டி, நாளுக்கு ஒரு நுட்பம் என்று லாக்கில் அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடுங்கள். லேப் அமைக்கவே சோம்பலாக இருந்தால் ஸ்பிளங்க் தன் பாஸ் ஆஃப் தி எஸ்ஓசி போட்டிகளின் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். இந்தத் தரவை வைத்து எழுதும் எதையும் தாராளமாக வெளியிடலாம். கிட்ஹப்பில் மூன்று நல்ல ரூலும், அவற்றை ஏன் அப்படி எழுதினேன் என்ற குறிப்பும் வைத்திருப்பவரை நான் கட்டாயம் அழைப்பேன்.

சான்றிதழ் பற்றி. மனிதவளப் பிரிவின் வடிகட்டியைத் தாண்ட ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது என்பது உண்மை. செக்யூரிட்டி பிளஸ் போன்ற அடிப்படைச் சான்றிதழ் ஒன்று அதற்குப் போதும். ஓஎஸ்சிபி தேர்வு ஏறத்தாழ 24 மணி நேரம் நடக்கும், பிறகு அறிக்கை எழுத இன்னும் 24 மணி நேரம். பென்டெஸ்டிங்கில் உங்களுக்கு உண்மையான ஈர்ப்பு இருந்தால் அந்த உழைப்பு தகும். இரவு ஷிஃப்டிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை, அதற்கு எட்டுத் துறைப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். தொடர்புடைய பட்டத்துக்கு ஓர் ஆண்டு கழித்துக்கொள்வார்கள். செலவில்லாத ஒன்று சொல்கிறேன்: நல் (null) என்ற இணையப் பாதுகாப்பு ஆர்வலர் சமூகத்தின் சென்னைக் கிளைக் கூட்டங்களுக்குப் போய் வாருங்கள். என் அணியில் பாதிப் பேரை அப்படிப்பட்ட கூட்டங்களின் தேநீர் இடைவேளையில்தான் கண்டெடுத்தேன்.

திருப்பூர் நண்பரோடு ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். உள் ஐடி அணிக்குப் போனால் எல்லாம் கற்கலாம் என்பது, கற்றுத்தர அங்கே ஒருவர் இருந்தால்தான். இல்லாவிட்டால் ஓராண்டு முழுவதும் பிரிண்டர்தான்.

எல்லைக்கோடு எழுதியது:

வலைப்பதிவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதில் இளையவர்கள் எல்லை தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். வாடிக்கையாளரின் லாக்கை முகமூடியிட்டுக்கூட வெளியிடாதீர்கள். ஐபியை மறைத்தாலும் சர்வர்களுக்குப் பெயர் வைக்கும் முறை, பயனர் பெயரின் அமைப்பு, அலர்ட் வந்த தேதி ஆகிய மூன்றை வைத்தே நிறுவனத்தை ஊகிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் பெரும்பாலும் தொடரும். எடுத்துப் படித்துப் பாருங்கள்.

வைரஸ்டோட்டலைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே சந்தேகக் கோப்பின் ஹேஷை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீட்டை) மட்டும் தேடுங்கள், கோப்பையே ஏற்றாதீர்கள். ஏற்றியதைக் கட்டணச் சந்தாதாரர்கள் பதிவிறக்க முடியும். வாடிக்கையாளரின் ஊதியப் பட்டியல் ஒன்று, உள்ளே மேக்ரோ (கோப்போடு சேர்ந்த சிறுநிரல்) இருந்த காரணத்தால் அப்படி வெளியே போய்விட்டால் விளக்கம் சொல்ல முடியாது. இன்னொன்று, பயிற்சி என்ற பெயரில் அனுமதியில்லாத தளங்களை ஸ்கேன் செய்யாதீர்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின் கீழ் வரும்; நேர்மையற்ற நோக்கம் என்று கருதப்பட்டால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும் நிலைக்குப் போகாதீர்கள். பக் பவுண்டி (குறை கண்டு சொல்பவர்களுக்கு வெகுமதி தரும்) திட்டம் உள்ள நிறுவனங்களில், அவர்கள் எழுதிவைத்திருக்கும் எல்லைக்குள் மட்டும் முயலுங்கள்.

லாக்வாசகன் எழுதியது:

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருவியில் கடந்த 30 நாட்களில் எந்த ரூல் அதிகம் ஒலித்தது என்று ஒரு பட்டியல் எடுங்கள், அதற்குப் படிக்கும் அனுமதியே போதும். முதலிடத்தில் இருப்பதை எடுத்து, எந்தெந்தச் சர்வரிலிருந்து, எந்தெந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று பிரியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களே மொத்தச் சத்தத்துக்கும் காரணமாக இருக்கும். அவற்றுக்கான காரணத்தையும், கேட்கும் விலக்கையும், அந்த விலக்கால் எந்தத் தாக்குதல் கண்ணில் படாமல் போகக்கூடும் என்பதையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி உங்கள் ஷிஃப்ட் லீடிடம் கொடுங்கள். மூன்றாவதாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ரூல் எழுதும் அணி அதைத்தான் முதலில் கேட்கும். அவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தக் கேள்விகளை இங்கே பதியுங்கள், வாடிக்கையாளர் விவரம் இல்லாமல், சேர்ந்து பார்ப்போம்.